முந்தின நாளே எழுதிய தீர்மானம்

எங்கள் பேரூராட்சியின் பழைய தீர்மானப் புத்தகங்களை இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இன்று உட்கார்ந்திருக்கும் நித்யா போன வாரம் போன் செய்தாள்.

"அக்கா, நீங்க எழுதுன முதல் மூணு புஸ்தகத்தையும் பாத்து அசந்து போய்ட்டனுங்க. ஒரு அடித்தல் இல்லீங்க, ஒரு திருத்தம் இல்லீங்க. கூட்டம் நடக்கறப்பவே எப்படிங்க்கா இத்தனை அழகா எழுதுனீங்க? ஆனா நாலாவது புஸ்தகத்துல என்னங்க்கா ஆச்சு? பாதியில இருந்து ஒரே கிறுக்கலா இருக்குதுங்க. அப்ப உங்களுக்கு ஒடம்பு ஏதாச்சும் சரியில்லாம இருந்துச்சுங்களா?"

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். போனை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. பென்ஷன் வாங்குகிற கிழவியை இனி யார் சஸ்பெண்ட் செய்யப்போகிறார்கள்? சொல்லியே விடுகிறேன். அழகாக இருக்கும் அந்த மூன்றரைப் புத்தகமும் கூட்டம் நடக்கும்போது எழுதியவை அல்ல. முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவி, மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து நிதானமாக எழுதியவை.

நான் வேலைக்குச் சேர்ந்த கதையில் சுவாரசியம் ஒன்றும் இல்லை. தட்டச்சில் தமிழும் இங்கிலீஷும் லோயர் பாஸ், ஒரு தேர்வு, ஓர் உத்தரவு. அவிநாசிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பேரூராட்சியிலேயே இளநிலை உதவியாளர் ஆனேன். முதல் மூன்று வருடம் தபாலுக்கு எண் போட்டேன், பிறப்பு இறப்பு எழுதினேன், உயிரோடு இருந்த ஒருவரை இறப்புப் பதிவேட்டில் ஏற்றி அவரிடமே திட்டு வாங்கினேன். நாலாவது வருடம் அருளானந்தம் சார் நிர்வாக அதிகாரியாக வந்தார். இப்போது செயல் அலுவலர் என்கிறோமே, அந்தப் பதவி. என் உத்தியோகம் உண்மையில் அன்றைக்குத்தான் தொடங்கியது.

சார் திருநெல்வேலிக்காரர். காலையில் வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் என்னைப் பார்க்கிற மாதிரி வைப்பார். அரை டம்ளர் தண்ணீர் குடிப்பார். பிறகு, கமா எங்கே, முற்றுப்புள்ளி எங்கே என்பதையும் சேர்த்தே வாசகம் சொல்லுவார். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், மரியாதை கூடிவிடும். சாதாரண நாளில் "சரஸ்வதி". தப்பு செய்தால் "சரஸ்வதி அம்மா". பெரிய தப்பு என்றால் "சரஸ்வதி அம்மா அவர்களே". நான் எழுதியதை வரிக்கு வரி அடியில் ஸ்கேலை வைத்துப் படிப்பார். ஓர் அடித்தல் கண்ணில் பட்டால் ஸ்கேலை எடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அவர் முகம் திரும்பி வருவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும்.

"புத்தகம் சுத்தமா இருக்கணும், கேட்டீங்களா. இந்த மன்றம் கலைஞ்சு போயிரும். தலைவர் போயிருவாரு, நானும் மாறிப் போயிருவேன். புத்தகம்தான் இங்கன கிடக்கும்" என்பார்.

முறை என்னவென்றால், கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் அஜெண்டா போகவேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அலுவலகக் குறிப்பு. அதன் கடைசியில் 'மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது' என்ற வாசகம். பன்னிரண்டு உறுப்பினர் வீட்டுக்கும் ஆள் போய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வரவேண்டும். கூட்டத்தில் ஒவ்வொன்றையும் விவாதித்து, முடிவு என்னவோ அதைப் புத்தகத்தில் எழுதி, தலைவர் கையெழுத்துப் போடவேண்டும். பக்கத்துக்கெல்லாம் எண் உண்டு, ஒரு தாளைக் கிழிக்க முடியாது. இதெல்லாம் சட்டம்.

நடந்தது வேறு. எங்கள் மன்றத்தில் மூன்றாவது பொருள் வாசிக்கும்போது டீக்கடையில் இருந்து வடை வந்துவிடும். அதற்கு மேல் சார் பொருளின் எண்ணை மட்டும் சொல்லுவார், வாய் நிறைய வடையோடு உறுப்பினர்கள் தலையை ஆட்டுவார்கள். வடை தீர்ந்த பிறகுதான் உண்மையான கூட்டம் தொடங்கும். என் தெருவில் பல்பு எரியவில்லை, என் வார்டில் நாய்த் தொல்லை, இப்படி. எந்தத் தீர்மானமும் எதிர்ப்பைக் கண்டதில்லை. ஆகவே சார் ஒரு வழி கண்டுபிடித்தார். முந்தின நாளே 'ஏகமனதாக அனுமதிக்கப்பட்டது' என்று எழுதி வைத்துவிடுவது. கூட்டம் முடிந்ததும் தலைவர் கையெழுத்து மட்டும் பாக்கி. நாலு வருடம் இப்படியே ஓடியது. நானும் அதை ஒரு ஏமாற்றாக நினைக்கவே இல்லை, நல்ல நிர்வாகம் என்றுதான் நினைத்தேன்.

தலைவர் சென்னியப்பன் ஐயா சொந்தத் தோட்டத்தில் விவசாயம் பார்க்கிறவர், நல்ல மனிதர். பெயர் எழுதுவதற்கு மட்டும் ஒரு பொழுது எடுத்துக்கொள்வார். 'சென்' எழுதி நிறுத்துவார். மூச்சு விடுவார். 'னி' எழுதுவார். நான் மை ஒற்றும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். அவர் மேலே எழுதியிருப்பதைப் படித்ததில்லை. "நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்குமுங்க அம்மிணி" என்பார்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஊர் ஸ்பின்னிங் மில்லை மூடினார்கள். காரணம் ஆளுக்கொன்று சொன்னார்கள்: பங்காளிச் சண்டை, பஞ்சு விலை, கரண்ட் பாக்கி. ஊரில் பாதி வீட்டுக்கு அந்த மில்தான் சோறு. என் கணவர் நடராஜன் அங்கே நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷின்களுக்கு ஃபிட்டர். கேட்டில் ஒட்டிய நோட்டீஸைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், மறுநாளில் இருந்து எண்ணெய்க் குப்பியும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். கதவுக் கீல், கிணற்று உருளை, என் தையல் மெஷின், எதிர்வீட்டு சைக்கிள், மகளின் ஜியாமெட்ரி பாக்ஸ் மூடி வரைக்கும் எண்ணெய் போட்டார். எங்கள் வீட்டில் எதைத் திறந்தாலும் சத்தமே வராது. ஆள் வருவது தெரியாமல் நான் பலமுறை பயந்திருக்கிறேன்.

ஊரின் பிழைப்பே போய்விட்டதே, பேரூராட்சி ஏதாவது செய்ய வேண்டாமா? செய்தோம். மில் சங்கு நின்றுபோனதால் உலை வைக்க நேரம் தெரியவில்லை என்று பெண்கள் மனுக் கொடுத்தார்கள். நாங்களே ஒரு சங்கு வாங்கி அதே நேரத்துக்கு ஊதுவது என்று தீர்மானித்தோம். காலை ஏழரைக்கு எங்கள் சங்கு ஊதும். வேலை இல்லாத ஊரே எழுந்து, குளித்து, போக இடம் இல்லாமல் டீக்கடையில் உட்காரும். இரண்டாவதாக, திருப்பூர் போகும் முதல் பஸ்ஸை அரைமணி முன்னால் விடச் சொல்லி எழுதினோம். அது மட்டும் உருப்படியான காரியம். பெண்கள் அந்தப் பஸ்ஸில் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். தைக்கிறவருக்குத் துணியைக் கைமடித்துக் கொடுக்கவும் நூல் பிசிறு வெட்டவும் அங்கே ஆள் வேண்டியிருந்தது. என் கணவர் மாதிரி நாற்பது வயது ஃபிட்டரைக் கேட்க ஆள் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் திருப்பூர் முதலாளி ஒருவர் காரில் வந்தார். மில்லின் பின்பக்க நிலத்தை வாங்கிச் சாயப்பட்டறை போடப்போகிறார், உரிமம் வேண்டும். விண்ணப்பத்தோடு ஒரு பட்டியலையும் வைத்திருந்தார். மில்லில் வேலை இழந்தவர்களில் யார் யாருக்கு என்ன வேலை என்று அதில் எழுதியிருந்தது. பட்டியலில் ஐந்தாவது பெயர் நடராஜன், பாய்லர். அதை நான் எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. வீட்டில் சொன்னேன். என் கணவர் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். பெட்டியில் இருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டினார், முதலாளி கூப்பிட்டால் போட்டுக்கொண்டு போக.

கூட்டத்துக்கு முந்தின நாள் 'பொருள் எண் ஏழு: சாயப்பட்டறைக்கு உரிமம்' என்பதை நான் எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக எழுதியதில்லை. 'ஏகமனதாக' என்பதில் ஒவ்வோர் எழுத்தும் முத்து முத்தாக விழுந்தது. சார் ஸ்கேலை வைத்துப் படித்துவிட்டு, "பேஷ்" என்றார். அவர் பேஷ் என்று சொன்னது அந்த ஒருமுறைதான்.

மறுநாள் கூட்டத்தில் மூன்றாவது பொருள் வந்தது, வடை வரவில்லை. டீக்கடை ராசுவுக்கு எண்ணெய் தீர்ந்துபோய் வாங்க ஆள் அனுப்பியிருக்கிறானாம். நான்காவது வந்தது, ஐந்தாவது வந்தது, வடையைக் காணோம். செய்ய வேறு வேலை இல்லாததால் உறுப்பினர்கள் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். சாருக்கும் வேறு வழி இல்லை, ஏழாவது பொருளின் குறிப்பை முழுசாகப் படித்தார். 'கழிவுநீர் நிலத்தின் தெற்கே உள்ள ஓடையில் விடப்படும்' என்ற வரி வந்ததும் மூலையில் இருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏனுங்க, சித்தெ நிறுத்துங்க. அந்த ஓடை எங்கீங்க போகுது?"

கேட்டது பாவாத்தாள் அக்கா. எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவர், எழுதப் படிக்கத் தெரியாது. நாலு வருடமாக உறுப்பினர், அதுவரை மன்றத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஓடை... தெற்கே போகுதும்மா" என்றார் சார்.

"தெக்கால போயி?"

எல்லாருக்கும் தெரியும். தெற்கே போய் எங்கள் குடிநீர்க் கிணற்றைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஊர் பூராவுக்கும் அந்த ஒரு கிணறுதான்.

"திருப்பூருல நொய்யல் ஆறு எந்தக் கலர்ல போகுதுன்னு நாம பாக்கலீங்களா? அந்தத் தண்ணியைக் கெணத்துல உட்டா நாம எதையங்க குடிக்கறது?" என்றார் அக்கா.

அவ்வளவுதான், மன்றம் இரண்டாகிவிட்டது. "தண்ணியைக் குடிச்சா மட்டும் வவுறு நெறஞ்சிருமாக்கும்? அம்பது குடும்பத்துக்கு வேலைங்க" என்று ஒருவர். "கெணறு போச்சுன்னா அம்பது குடும்பம் இல்லீங்க, ஊரே போச்சு" என்று இன்னொருவர். இரண்டு பேரும் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. கடைசியில் எங்கள் மன்றத்தின் வரலாற்றில் முதல் தடவையாகக் கை தூக்கச் சொன்னார்கள். உரிமம் வேண்டாம் என்று ஏழு கை. வேண்டும் என்று நாலு. தலைவர் இரண்டு பக்கமும் தூக்கவில்லை. "அப்ப வேண்டாமுங்க" என்று முடித்தார். அந்த நேரம் பார்த்து வடை வந்தது.

வடை தின்று எல்லாரும் கிளம்பிய பிறகு தலைவர் வழக்கம்போலப் புத்தகத்தை இழுத்துக்கொண்டார். நான் மை ஒற்றும் தாளோடு பக்கத்தில் நின்றேன். ஏழாவது பொருளுக்குக் கீழே 'ஏகமனதாக அனுமதிக்கப்பட்டது' என்று என் எழுத்து அழகாகச் சிரிக்கிறது. 'சென்' என்று எழுதி நிறுத்தினார். மூச்சு விட்டார். ஐயா, நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு வேண்டிய நேரம் இருந்தது. வேறு எந்தத் தலைவராக இருந்தாலும் கிறுக்கிவிட்டுப் போயிருப்பார், எனக்கும் அவகாசம் இல்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். இவர் எனக்கு ஒரு முழு நிமிடம் கொடுத்தார். ஆணியில் தொங்கும் வெள்ளைச் சட்டை என் கண்ணுக்குள் நின்றது. நான் பேசவில்லை. அவர் கடைசிப் புள்ளியை வைத்தார். நான் மையை ஒற்றினேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், கை தூக்கின செய்தி எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. என் கணவர் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"போச்சுல்ல சரசு?" என்றார்.

போகலீங்க, புத்தகத்துல இருக்குதுங்க என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. புத்தகத்தில் இருப்பதுதான் சட்டம். நகல் மேலிடத்துக்குப் போய்விட்டால் உரிமம் கொடுத்தே ஆகவேண்டும். ஊர் கத்தும், ஆனால் கையெழுத்துப் போட்டது தலைவர். அந்த நினைப்பில் எனக்குக் குற்ற உணர்ச்சி வரவில்லை. உள்ளதைச் சொன்னால், கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது.

அப்போது பாவாத்தாள் அக்கா பால் போசியோடு வாசலில் வந்து நின்றார். முகம் பூராவும் சிரிப்பு.

"அம்மிணி, நாலு வருசமா மெம்பரா இருக்கறன். இன்னைக்குத்தான் மெம்பராட்ட இருந்துச்சு. நான் கேட்டதை அப்படியே புஸ்தகத்துல எழுதீட்டயா?"

"எழுதீட்டனுங்க அக்கா."

"என்ற பேரையும் போட்டிருக்கறயா?"

"போட்டிருக்கறனுங்க."

"மவராசியா இருப்ப" என்று சொல்லி, கேட்காமலே கால்படி பால் அதிகமாக ஊற்றிவிட்டுப் போனார். அந்தப் பாலைக் காய்ச்சவே எனக்குக் கை வரவில்லை.

மறுநாள் காலை சார் கடிகாரத்தைக் கழற்றி வைப்பதற்குள் அவர் முன்னால் போய் நின்றேன். தலைவர் கையெழுத்துப் போட்டதையும், நான் பார்த்துக்கொண்டு நின்றதையும், ஏன் நின்றேன் என்பதையும் சொன்னேன். 'சரஸ்வதி அம்மா அவர்களே' என்று ஆரம்பிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நானும் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தாம்மா இருந்தேன். நீங்க சொல்லுவீங்கன்னு நான் இருந்தேன். நான் சொல்லுவேன்னு நீங்க இருந்திருக்கீங்க. நடுவுல அந்த மனுஷன் கையெழுத்தைப் போட்டுட்டாரு."

"நீங்க ஏன் சார் சொல்லல?"

"நாலு வருஷத்துல ஒரு அடித்தல் இல்ல. முழுசா ஒரு தீர்மானத்தையே அடிக்கணுமேன்னு மனசு வரல பாத்துக்கிடுங்க. இப்படி ஒரு கிறுக்கு எனக்கு."

"இப்ப அடிச்சிரலாங்களா சார்?"

"கையெழுத்துக்கு முன்னால அடிச்சா அது திருத்தம். பின்னால அடிச்சா ஃபோர்ஜரி" என்றார். விதிப் புத்தகத்தை எடுத்தார், ஸ்கேலை வைத்தார். ஒரு தீர்மானத்தை மூன்று மாதத்துக்குள் ரத்து செய்ய வேண்டுமானால் அதற்கென்றே தனிக் கூட்டம் கூட்டவேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேருக்குக் குறையாமல் கை தூக்கவேண்டும். எங்களுக்கு ஆறு கை. பிறகு சார் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேலிடத்துக்குத் தானே எழுதினார், தீர்மானங்களை முன்கூட்டியே எழுதச் சொன்னது தான் ஒருவன்தான் என்று. என் பெயர் அதில் எங்கேயும் இல்லை. என் பெயரையும் சேர்க்கச் சொல்லிப் பார்த்தேன். "உங்களை எழுதச் சொன்னது யாரு? நான்தானே? போய் நோட்டீஸ் டைப் அடிங்க" என்றார்.

வீட்டில் சொன்னதுதான் அதைவிடப் பெரிய பாடு. என் கணவர் முழுசாகக் கேட்டார்.

"அப்ப, நீ ஒரு நிமிசம் வாயை மூடிட்டு இருந்திருந்தா எனக்கு வேலை கெடச்சிருக்கும்?"

"ஒரு நிமிசம் இருந்தனுங்க. அதுக்கு மேல முடியலீங்க."

நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஏற்கெனவே கதவும் பேசாது, கீலும் பேசாது. இவரும் பேசாமல் போனதில் வீட்டில் குக்கர் விசில் ஒன்றுதான் எனக்குத் துணை.

தனிக் கூட்டத்தன்று மில் ஆட்கள் ஆபீசைச் சுற்றி நின்றார்கள். பட்டியலில் பெயர் இருந்த ஐம்பது பேரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். என் கணவரும் வேப்பமரத்தடியில் நின்றார். அன்று கை தூக்கின ஏழு பேரில் ஒருவருக்கு வெள்ளகோவிலில் திடீரென்று ஒரு கல்யாணம் வந்துவிட்டது. இன்னொருவருக்கு வயிறு சரியில்லை. அவர்களைக் குறை சொல்லமாட்டேன், ஜன்னல் வழியாகத் தெரிந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு கை தூக்குவது லேசு இல்லை. சார் பொருளைப் படித்தார். ரத்து செய்ய ஆதரவாகக் கை தூக்கச் சொன்னார். பாவாத்தாள் அக்காவின் கைதான் முதலில் மேலே போனது. எண்ணினோம். ஐந்து.

தலைவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அம்மிணி, அன்னைக்கு நான் கையெழுத்துப் போட்ட பக்கத்தை ஒருக்கா சத்தமாப் படியுங்க" என்றார். படித்தேன். 'ஏகமனதாக' என்பதையும் விடவில்லை.

"இதைய நான் படிக்காமப் போட்டுட்டனுங்க" என்று ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னார். "வெளிய நிக்கற நம்ம பசங்களுக்கு நான் பண்ணற பாவம் என்னோட இருக்கட்டும். நான் கெணத்தை வித்தேன்னு நாளைக்கு எவனும் சொல்லக்கூடாதுங்க." கையைத் தூக்கினார், கையெழுத்துப் போடுகிற அதே வேகத்தில், மெதுவாக. ஆறு.

அன்றைக்கு நான் கூட்டம் நடக்கும்போதே எழுதினேன். வெளியே ஒரே கூச்சல், உள்ளே ஆளாளுக்குப் பேச்சு. அடித்தேன், மறுபடி எழுதினேன், மை கொட்டியது. பாவாத்தாள் அக்கா கேட்ட கேள்வியை அவர் கேட்டபடியே, பெயரோடு எழுதினேன். சார் ஒவ்வோர் அடித்தலுக்கும் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. மேலிடத்து மெமோ இரண்டு மாதத்தில் வந்தது, மாறுதல் உத்தரவும் கூடவே வந்தது. பெட்டி படுக்கையோடு பஸ் ஏறும்போது, "இனிமே கிறுக்கியே எழுதுங்க சரஸ்வதி" என்றார். நான் ஓய்வு பெறும் வரைக்கும் அப்படித்தான் எழுதினேன்.

இந்த இடத்தில் நிறுத்தினால் நான் யோக்கியமானவளாகத் தெரிவேன். நடந்தது அதோடு முடியவில்லை. முதலாளி அசரவில்லை. ஓடை வரும் வழியில், எங்களுக்கு மேலே இரண்டு மைலில் பக்கத்து ஊராட்சி இருக்கிறது. அவர்களுக்குக் கிணறு ஓடையை விட்டுத் தள்ளி இருந்தது. அங்கே விண்ணப்பம் கொடுத்தார், ஒரே கூட்டத்தில் உரிமம் கிடைத்தது. ஏகமனதாகத்தான் இருக்கும். அந்தப் புத்தகத்தையும் யாரோ முந்தின நாள் அழகாக எழுதியிருக்கலாம், நான் போய்ப் பார்க்கவில்லை. எங்கள் மன்றம் ஆட்சேபணை எழுதியது. நான்தான் டைப் அடித்தேன். பதில் வரவில்லை.

முதலாளி பழைய பட்டியலைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். ஐந்தாவது பெயருக்கு ஆள் அனுப்பினார். என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டு வருடமாக ஒற்றைச் சம்பளத்தில் ஓட்டிய வீடு. பெட்டியில் இருந்த வெள்ளைச் சட்டையை நானே எடுத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். பாய்லர் வேலைக்கு வெள்ளைச் சட்டையில் போன முதல் ஆள் அவர்தான் என்று பட்டறையில் கேலி செய்தார்களாம். அவர் மறுபடி வீட்டில் பேசவும் சிரிக்கவும் ஆரம்பித்தார். எனக்கு அது போதும் என்றிருந்தது.

ஓடை ஒரு நாள் சிவப்பாக வந்தது, ஒரு நாள் பச்சை, ஒரு நாள் ஊதா. இந்த வருடம் வெளிநாட்டுக்காரன் என்ன கலர் பனியன் போடப்போகிறான் என்பது எங்கள் ஊர் எருமைகளுக்குத்தான் முதலில் தெரியும் என்று தலைவர் சொல்லிச் சிரிப்பார். இரண்டு மழைக்காலம் தாண்டியதும் கிணற்றுத் தண்ணீர் கரித்தது, பிறகு நிறம் மாறியது. சோதனைக்கு அனுப்பினோம். குடிக்க லாயக்கில்லை என்று வந்தது. கிணற்றை மூடி, லாரியில் தண்ணீர் கொண்டுவருவது என்று மன்றம் தீர்மானித்தது. அன்று எதிர்த்துக் கை தூக்க யாரும் இல்லை.

தண்ணீர் லாரி காலை ஏழு மணிக்கு எங்கள் தெருமுனைக்கு வரும். ஒரு நாள் எனக்குக் காய்ச்சல், என் கணவர் இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு போனார். நான் வாசல்படியில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது பேருக்குப் பின்னால் நின்றார். அவர் குடத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் முன்னால், விடிவதற்குள் குடம் போட்டு இடம் பிடித்து நின்றது பாவாத்தாள் அக்கா. திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, அத்தனை தூரத்துல நின்னா நீங்க எப்பப் புடிச்சு எப்பப் போறது? பட்டறைக்கு நேரமாச்சல்லங்க. முன்னால வாங்க" என்று கூப்பிட்டுத் தன் குடத்தைக் காலால் நகர்த்தினார்.

அந்தக் குரலில் குத்தல் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். துளியும் இல்லை. வேலைக்குப் போகிற ஆளுக்கு வழி விடுகிற அக்கறைதான் இருந்தது. அக்காவைப் பார்த்து வரிசை பூராவும் ஒதுங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கணவர் ஒருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காமல் முன்னால் போனார், இரண்டு குடமும் பிடித்தார். அக்காவே ஒரு கை கொடுத்துத் தோளில் தூக்கிவிட்டார். வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கி வைத்தார். நான் எழுந்து போய்ப் போட்டுக்கொண்டு வந்த காப்பியைத் தொடாமல் சைக்கிளை எடுத்தார். எட்டு மணி ஷிப்டுக்கு அவர் ஒரு நிமிடம்கூடத் தாமதமாகப் போகவில்லை.